பாழ்வீடும் படப்பிடிப்பும்

யாழ்ப்பாணத்து ஊர்களில் வீடு கட்டுவதென்றால் ஒவ்வொரு படியும் நாள் பார்த்தே நடைபெறும். நிலையம் பார்த்தல், அத்திவாரக் கல் வைத்தல், வாசல்நிலை நிறுத்துதல், கிணறு வெட்டுதல், பால் காய்ச்சிக் குடிபுகுதல் என அத்தனைக்கும் பஞ்சாங்கம் புரட்டப்படும். இனசனமும் அயலவரும் கூடி வந்து வாழ்த்துவர். ஆனால் ஒரு வீட்டைக் கைவிட்டுப் போவதற்கு எவரும் நாள் பார்த்ததில்லை. சில குடும்பங்கள் ஒரே இரவில் போயின. சில குடும்பங்களில் பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பல ஆண்டுகளில் வெளிநாடு போயினர். கடைசியாக இருந்த முதியவர் கண்மூடிய பின் படலை சாத்தப்பட்டது. எப்படிப் போயிருந்தாலும், விளக்கேற்றுவார் இல்லாத வீட்டுக்கு ஊரிலே வழங்கும் பெயர் ஒன்றுதான். பாழ்வீடு.

முன்னர் இத்தகைய வீடுகளை ஊரவர் சற்று விலகியே கடந்து செல்வர். அங்கே பேய் இருக்கிறது என்று சொல்லிப் பிள்ளைகளைத் தடுத்தனர். கட்டு இடிந்த கிணறும் பற்றைக்குள் கிடக்கும் பாம்பும் நிறைந்த வளவுக்குள் பிள்ளைகள் இறங்காமல் காத்தவை அந்தப் பேய்கள்தான் என்று கூறினாலும் பிழையில்லை. இன்று நிலைமை மாறிவிட்டது. கமராவும் கைத்தொலைபேசியும் ஏந்திய இளைஞர்கள் இந்த வீடுகளைத் தேடிச் செல்கின்றனர். கூரை போன மண்டபம், சுவரைப் பிளந்து வளர்ந்த அரசு, ஒற்றைக் கதவோடு நிற்கும் வாசல் என்பன அழகிய படங்களாகி முகநூலில் ஆயிரம் பேரின் பாராட்டைப் பெறுகின்றன. ஒருவர் வாழ்ந்து இழந்த வீட்டை இன்னொருவர் அழகுக்காகப் படம்பிடிப்பது தகுமா என்ற கேள்வி இதனால் எழுகின்றது. சிறிய கேள்வி போலத் தோன்றினாலும் இலேசில் விடை கூறக்கூடிய ஒன்றன்று.

இந்த ஆசை புதியதுமன்று, இந்த நாட்டுக்கு மட்டும் உரியதுமன்று. பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பெரும் நிலவுடைமையாளர் சிலர் தமது பூந்தோட்டங்களில் இடிந்த கோபுரம் போலவும் சிதைந்த தேவாலயம் போலவும் புதிதாகவே கட்டி வைத்து அழகு பார்த்தனர். உண்மையான பாழ் அருகில் இல்லாதவர்கள் பொய்யான பாழைப் பணம் கொடுத்துச் செய்வித்தார்கள்! யப்பானில் பாழடைந்த இடங்களைத் தேடிச் சென்று படம்பிடிப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டோர் பலர் உளர். அத்தகைய இடத்தை அவர்கள் மொழியில் ஹைக்கியோ என்பர். ஆகவே இடிபாட்டில் அழகு காண்பவரெல்லாம் கல்நெஞ்சர் என்று கூறிவிட முடியாது. மனித மனத்தில் அதற்கு ஓர் இடம் உண்டு என்றே கொள்ள வேண்டும்.

ஒரு வீடு எவ்வாறு பாழாகின்றது என்பதைக் கவனித்தால் அந்தக் கவர்ச்சியின் காரணம் ஓரளவு விளங்கும். முதலில் கெடுவது கூரை. ஓர் ஓடு நழுவினால் போதும். அந்த இடைவெளியால் மாரி மழை இறங்கி, தீராந்தியும் சிலாகையும் ஊறி, கறையான் பிடித்து, இரண்டொரு ஆண்டில் கூரையின் ஒரு பக்கம் அமர்ந்துவிடும். கூரை போன பின் சுவரின் தலைப்பில் தண்ணீர் நின்று சுண்ணாம்புச் சாந்தைக் கரைக்கும். காகமும் கொண்டைக்கிளாறும் எச்சத்தோடு போட்ட ஆலம் விதை, அரசம் விதை அந்த ஈரத்தில் முளைத்து வேரை உள்ளே விடும். கொங்கிறீற்றுத் தூணாக இருந்தால் உள்ளே உள்ள கம்பி துருப்பிடித்துப் பருத்து வெளிச் சீமெந்தைத் தானே வெடிக்கச் செய்யும். இவ்வளவும் மெதுவாக, ஒருவரும் பாராத வேளையில் நடப்பவை. இப்படி நடந்து முடிந்த ஓரிடத்தில் மாலை வெயில் கூரையில்லா அறைக்குள் சாய்ந்து விழும்போது அது அழகாகவே இருக்கும். அதை மறுப்பது பொய்.

இத்தகைய படங்களை எடுப்போரும் விரும்புவோரும் அடிக்கடி கூறும் சமாதானம் ஒன்று உண்டு. இவை நிலையாமையை உணர்த்துகின்றன என்பதே அது. மாடமும் கூடமும் ஒருநாள் மண்ணாகும் என்பதைச் சைவ மக்களுக்கு எவரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. சுடலையிலே ஆடும் பெருமானை வணங்குவோர் அவர்கள். எனினும் இந்தச் சமாதானத்தை அப்படியே ஏற்பதற்கு முன் ஒரு விடயத்தைக் கேட்டாக வேண்டும். அந்த வீட்டைப் பாழாக்கியது யார்? காலமா, கடலா, மனிதரா?

வலிகாமம் வடக்கை எடுத்துக்கொள்வோம். 1990 ஜூன் மாதத்தில் அப்பகுதி மக்கள் போர் காரணமாகத் தம் வீடுகளை விட்டு வெளியேறினர். சில நாட்களில் திரும்பி விடலாம் என்ற எண்ணத்தில் கையில் அகப்பட்டதை மட்டும் எடுத்துக்கொண்டு போனோர் பலர். அந்தச் சில நாட்கள் இருபது ஆண்டுகளையும் தாண்டின. பலாலி விமானத்தளத்தைச் சூழவிருந்த ஊர்கள் உயர் பாதுகாப்பு வலயமாயின. 2009இல் போர் முடிந்த பின்னரே நிலங்கள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டன. தீவின் பெரிய மீன்பிடித் துறைகளுள் ஒன்றாக விளங்கிய மயிலிட்டித் துறைமுகம் 2017 ஜூலையில்தான் மக்களிடம் கையளிக்கப்பட்டது. திரும்பிச் சென்றவர்களுட் பலர் கண்டது கூரையும் கதவும் யன்னலும் இல்லாத சுவர்களை. சிலர் சுவரையும் காணவில்லை. தமது காணி எதுவென்று அறியக் கிணற்றையும் பழைய மரத்தையும் அடையாளமாகத் தேடினர்.

அத்தகைய ஒரு வீட்டின் சுவரில் வேர் படர்ந்திருப்பதை ஒருவர் அழகாகப் படம்பிடித்து, அதன் கீழே நிலையாமை பற்றி இரண்டு வரி எழுதி வெளியிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பார்ப்போர் காலத்தின் கோலத்தை எண்ணிப் பெருமூச்சு விடுவர். ஆனால் அந்த வீட்டைக் குடியிழக்கச் செய்தது காலம் அன்று. மரம் முளைத்தது காலத்தால் என்பது உண்மை. மரம் முளைக்கும்வரை அங்கே ஒருவரும் வராதிருந்தது மனிதர் செய்ததால். படத்திலே வேர் தெரியும். வெளியேறிய நாள் தெரியாது. ஆகவே அப்படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் மனிதர் செய்ததைக் காலத்தின் கணக்கில் எழுதிவிடுகிறது. எடுத்தவருக்கு அந்த எண்ணம் சிறிதும் இல்லாதிருக்கலாம். எண்ணம் இல்லாமல் உரைக்கப்பட்ட பொய்யும் கேட்பவரைப் பிழையான இடத்துக்கே கொண்டு செல்லும்.

இவ்விடயத்தில் உலகறிந்த உதாரணம் உக்ரேனில் உள்ள பிரிப்பியத் நகராகும். 1986 ஏப்ரல் 26ஆம் திகதி செர்னோபில் அணுவுலை வெடித்தது. மறுநாள் அந்நகரின் சுமார் 49,000 மக்களும் பேருந்துகளில் ஏற்றிச் செல்லப்பட்டனர். மூன்று நாட்களுக்குத் தேவையானவற்றை எடுத்துக்கொண்டால் போதும் என்றே அவர்களுக்குக் கூறப்பட்டது. நகரைச் சூழவிருந்த கிராமங்களும் வெறுமையாயின. வலிகாமத்து மக்களின் சில நாட்களையும் இந்த மூன்று நாட்களையும் ஒருங்கே வைத்து எண்ணிப் பார்ப்பவர்களுக்கு மேலும் விளக்கம் வேண்டியதில்லை. பின்னாளில் அங்கே சென்ற படப்பிடிப்பாளர் சிலர் கிடந்த பொம்மையைத் தூக்கிக் கட்டிலிலும் கதிரையிலும் இருத்தி, முகமூடியை அருகில் வைத்து, மனம் உருக்கும் படங்களாக எடுத்தனர். அந்தப் பொம்மை ஒரு பிள்ளைக்கு உரியது. அது விழுந்து கிடந்த இடத்தை மாற்றியவர், அந்தப் பிள்ளை வீட்டை விட்ட கடைசிக் கணத்தின் ஒரேயொரு சாட்சியையும் மாற்றிவிட்டார்.

பாழிடங்களைத் தேடிச் செல்வோரிடையே ஓர் ஒழுங்கு உண்டு. படத்தைத் தவிர வேறொன்றையும் அங்கிருந்து எடுக்கக் கூடாது, காலடித் தடத்தைத் தவிர வேறொன்றையும் அங்கே விட்டுவரக் கூடாது என்பர். நல்ல ஒழுங்குதான். பழைய மரக் கதவுக்கும் செதுக்கிய தூணுக்கும் விலை உண்டு என்று அறிந்தோர் உலாவும் காலத்தில் அந்த அளவாவது கடைப்பிடிக்கப்படுவது நன்று. ஆயினும் படத்தை எடுப்பதே சில வேளைகளில் ஒன்றை எடுத்துச் செல்வதாக முடியும் என்பதை அந்த ஒழுங்கு கருத்திற் கொள்ளவில்லை. திறந்து கிடக்கும் வீடென்றாலும் அதன் சாமியறையும் அடுக்களையும் படுக்கையறையும் ஒரு காலத்தில் அந்நியர் நுழையாத இடங்களாகும். தலைவாசலில் நின்று குரல் கொடுத்து, வீட்டுக்காரர் வந்து அழைத்த பின் திண்ணையில் இருப்பதே ஊர் வழக்கம். குரல் கொடுத்தால் பதில் சொல்ல ஆளில்லை என்பதற்காக அந்த வழக்கம் இல்லாமற் போய்விடுமா?

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். படம் எடுக்கவே கூடாது என்று தடுத்துவிட்டால் இழப்பு இன்னும் பெரிதாகும். இடப்பெயர்வுகளின்போது காணி உறுதிகளையும் குடும்பப் படங்களையும் தொலைத்தோர் ஏராளம். அவர்களுட் சிலருக்குத் தமது வீடு நின்றது என்று காட்ட மிஞ்சியிருப்பது பின்னாளில் எவரோ எடுத்த ஓர் இடிபாட்டுப் படம் மட்டுமே. மேலும், நடுமுற்றமும் நாற்புறமும் தாழ்வாரமுமாக அமைந்த நாற்சார் வீடுகள் ஊர்களில் அருகி வருகின்றன. பனஞ்சிலாகை கோத்த கூரை, முற்றத்து மழைநீரை இறக்கும் பீலி, வழிப்போக்கர் இளைப்பாறக் கூரையிட்டு அமைத்த சங்கடப்படலை என்பவற்றைச் செய்யத் தெரிந்த கைகளும் குறைந்துவிட்டன. இடிந்து விழுமுன் அவற்றைப் படம்பிடித்து வைப்பவர் ஊருக்கு உதவியே செய்கிறார். மொன்றியலிலோ ரொறன்ரோவிலோ இருக்கும் ஒருவர் தற்செயலாக அப்படி ஒரு படத்தைக் கண்டு, யன்னலின் வளைவை வைத்துத் தான் பிறந்த வீட்டை இனங்காணக்கூடும். அவர் முதலில் அழுவார். பின்னர் அதை எடுத்தவரைத் தேடுவார், நன்றி சொல்ல; அல்லது ஏன் என்னைக் கேட்கவில்லை என்று கேட்க. எது நடக்கும் என்பது பெரும்பாலும் படத்தின் கீழே என்ன எழுதப்பட்டிருந்தது என்பதிலேயே தங்கியுள்ளது.

போரினாலன்றி வேறு காரணங்களால் பாழான வீடுகளும் ஊரில் உண்டு. இவற்றைப் பற்றிப் பேசுவது இன்னும் சங்கடமானது. சகோதரர்களுக்கிடையே பங்கு பிரிப்பதில் எழுந்த பிணக்கு நீதிமன்றம் வரை போய், தீர்ப்பு வருமுன் கூரை விழுந்த வீடுகள் இருக்கின்றன. வயதான தாயைப் பார்ப்பதற்கு ஒருவரும் முன்வராமையால் பூட்டப்பட்டவை இருக்கின்றன. வெளியூரிலிருந்து வரும் படப்பிடிப்பாளருக்கு இவையும் அழகிய இடிபாடுகளே. ஆனால் ஊரவருக்கு அது இன்னாருடைய வீடு என்று தெரியும். படத்தைப் பார்த்த மறுகணமே பழைய கதை முழுவதும் மீண்டும் வாய்க்கு வரும். இங்கே படம் ஒரு குடும்பத்தின் மானத்தைத் தொடுகிறது. வலிகாமத்து வீட்டின் கீழே உரியவரின் பெயரை எழுதுவது நியாயம் செய்வதாகும். பிணக்கினால் பாழான வீட்டின் கீழே பெயரை எழுதுவது புண்ணைக் கிளறுவதாகும். ஒரே விதி இரண்டுக்கும் பொருந்தாது. வீட்டுக்காரரிடமோ அயலவரிடமோ இரண்டு வார்த்தை பேசிய பின்புதான் எது எதுவென்று தெரியவரும். கமராவால் அதைக் கண்டுகொள்ள இயலாது.

பாழடைந்த கோயிலைப் பற்றி அடியார்கள் வினவக்கூடும். பூசை நடைபெறும் ஆலயத்தின் மூலஸ்தானத்தைப் படம்பிடிக்கலாகாது என்பது யாவரும் அறிந்த மரபு. பூசை நின்று, கூரை விழுந்து, மூர்த்தமும் அங்கில்லாத கோயிலில் அந்த மரபு செல்லுமா? ஆலயம் ஒன்றைத் திருத்தும்போது இறைசக்தியைக் கும்பத்தில் ஆவாகனம் செய்து பாலஸ்தாபனம் செய்த பின்னரே கட்டிடத்தில் கைவைப்பர். அதாவது, கல்லிலே கைவைக்கும் முன் அங்கே உறைபவரிடம் அனுமதி பெறுகின்றனர். திடீரென மக்கள் ஓடிப்போன ஊரிலே அக்கிரியையைச் செய்ய எவருக்கு அவகாசம் இருந்தது? எனவே அத்தகைய கோயில் முறைப்படி விடைபெறப்படாத கோயிலாகும். கீரிமலை நகுலேஸ்வரம் 1990இல் பெரும் சேதமடைந்து, 2012இல் மீண்டும் குடமுழுக்குக் கண்டது. இடைப்பட்ட இருபத்திரண்டு ஆண்டுகளிலும் அது தம் கோயிலே என்று எண்ணியிருந்த மக்கள் இருந்தமையாலன்றோ அது நிகழ்ந்தது. ஆகையால் இடிந்த கோயிலுக்குள் செல்பவர் செருப்பை வெளியே விட்டுச் செல்வது நன்று. கல் முள் குத்துமென்று அஞ்சுவோர் வெளி வீதியில் நின்று எடுத்துக்கொள்ளலாம். சேதத்தைப் பதிவு செய்ய அதுவே பெரும்பாலும் போதுமானது.

தனுஷ்கோடியின் கதை வேறு விதமானது. 1914 முதல் தலைமன்னாருக்கும் அதற்கும் இடையே கப்பல் ஓடியது. சிதம்பரத்துக்கும் இராமேசுவரத்துக்கும் யாத்திரை போன ஈழத்து அடியார் பலர் அந்தத் துறையில் இறங்கியே புகையிரதம் ஏறினர். 1964 டிசம்பர் 22ஆம் திகதி இரவு வீசிய புயலிலே கடல் பெருகி நகரை அழித்தது. பயணிகளோடு வந்த புகையிரதம் ஒன்றும் அலையில் அகப்பட்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அங்கே பாழாக்கியது இயற்கை. எனவே அந்த இடிந்த தேவாலயத்தைப் படம்பிடித்து நிலையாமையைப் பேசுவதில் பொய்யில்லை. ஆனால் அங்கும் ஒரு குறை உண்டு. இடிபாடுகளுக்கு அருகிலே மீனவக் குடும்பங்கள் குடிசை போட்டு வாழ்ந்து வருகின்றன. 2017இல் அரிச்சல்முனை வரை வீதி திறக்கப்பட்ட பின் உல்லாசப் பயணிகளின் வரவு பெருகியது. அவர்கள் எடுக்கும் படங்களிலோ குடிசையும் வலையும் காய்கின்ற உடுப்பும் விலக்கப்பட்டு, ஆளில்லாத நகரமே தெரிகின்றது. இருப்பவரை இல்லாதவராக்கினால்தான் படம் அழகாகும் என்றால் அந்த அழகு சற்று விலை கூடியதே.

அண்மைக் காலமாகத் திருமணச் சோடிகளை இடிந்த சுவர்களுக்கு முன் நிறுத்திப் படம்பிடிக்கும் வழக்கமும் வந்துள்ளது. பொன்னுருக்கலுக்கும் முகூர்த்தத்துக்கும் இராகு காலம் பார்க்கும் குடும்பத்தினர் மாலையும் கையுமாகப் பிள்ளைகளைப் பாழ்வீட்டு வாசலில் நிறுத்துகின்றனர்! இதைப் பாவம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்த வாசலிலே ஒரு காலத்தில் வாழைமரம் கட்டி வேறொரு சோடியை வரவேற்றிருப்பார்கள் என்பதை அங்கு நிற்போர் ஒருகணம் நினைத்துப் பார்ப்பார்களாயின் வேறு சுவரைத் தேடுவார்களோ என்னவோ.

பிரான்சு நாட்டில் ஒரடூர் சூர் கிளான் என்று ஒரு கிராமம். 1944 ஜூன் 10ஆம் திகதி ஜேர்மனியப் படையினர் அங்கிருந்த ஆண், பெண், குழந்தைகள் என அறுநூற்று நாற்பதுக்கும் அதிகமானோரைக் கொன்று ஊரை எரித்தனர். போரின் பின் அந்த இடிபாட்டை அகற்றாது அப்படியே விடுவதென்று அந்நாட்டு அரசு தீர்மானித்தது. புதிய கிராமம் அருகிலே கட்டப்பட்டது. பழைய ஊரில் துருப்பிடித்த தையல் இயந்திரங்களும் காரும் இன்றும் கிடக்கின்றன. அங்கே யாரும் சென்று படம்பிடிக்கலாம். ஆனால் இடிந்த சுவர்களிலே சிறிய பலகைகள் உள்ளன. இது முடிதிருத்துபவரின் கடை, இது கொல்லரின் பட்டறை என்று தொழிலும் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளன. நுழைவாயிலில் நினைவில் வைத்திரு என்று எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் படுகொலையில் தப்பியோருள் கடைசியானவர் 2023 பெப்ரவரியில் காலமானார். உயிரோடிருந்தவரை வருவோரை அழைத்துச் சென்று எந்த வீடு யாருடையது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

விடுவிக்கப்பட்ட ஊர்களிலே அப்படிச் சொல்லக்கூடியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எழுபது, எண்பது வயதைக் கடந்தவர்கள். எந்த வளவில் எவர் இருந்தார், கிணற்றுத் தண்ணீர் நன்னீரா உவரா, முற்றத்து மாமரம் எந்த இனம் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். கமராவோடு போகும் இளைஞர் அவர்களுள் ஒருவரையும் தம்மோடு கூட்டிச் செல்லலாம். வெயிலுக்கு முன் போய், பழைய கிணறுகள் இருக்குமிடத்தை அவரிடம் முதலிற் கேட்டறிந்து, அவர் சொல்லுவதை எழுதிக்கொண்டு, குடும்பப் பெயரும் வெளியேறிய ஆண்டும் படத்தின் பின்னால் குறித்து வைக்கலாம். வெளியிடுவதா வேண்டாமா என்பதை உரியவர் தீர்மானிக்கட்டும். வெளியிட்டாலும் வீடு இருக்கும் ஒழுங்கையைக் குறிப்பிடாதிருந்தால் கதவும் நிலையும் கழற்ற வருவோருக்கு வழி காட்டியதாகாது.

திரும்பி வந்தவர்கள் மீண்டும் கட்டத் தொடங்கிவிட்டனர். பழைய சுவர் நிற்கும் இடத்திலேயே புதிய வீட்டுக்கு நிலையம் பார்க்கப்படுகிறது. நாள் குறித்ததும் இடிக்கும் இயந்திரம் வரும். அரை நாளில் அந்த இடம் வெளியாகிவிடும். அதற்கு முதல்நாள் பின்னேரம் வீட்டுக்காரர் அயலில் உள்ள பொடியனைக் கூப்பிடுவார். அரச மரத்தையும் வேரையும் விட்டுவிட்டு, அடுக்களைச் சுவரில் புகைபடிந்த மூலையை ஒரு படம் எடுத்துத் தா என்று கேட்பார்.